இரண்டாவது லென்ஸ் வந்த வழி

புதிதாக டிஜிட்டல் காமிரா வாங்கியவர், பெட்டியிலேயே கூட வந்த 18-55 ஜூம் லென்ஸைக் கொண்டு ஆறு மாத காலம் கோயில் கோபுரத்தையும் குழந்தைகளையும் படமெடுத்துச் சலித்த பிறகு, இரண்டாவதாக எந்த லென்ஸை வாங்கலாமென்று அனுபவஸ்தர்களைக் கேட்பதும், அவர்கள் சற்றும் யோசியாமல் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைச் சிபாரிசு செய்வதும் இக்காலத்தில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டன. அந்த ஐம்பதோ, அரை நூற்றாண்டுக்கு மேல் காமிராவின் முதல் லென்ஸாக வீற்றிருந்தது. வீட்டுக்கு மூத்தது இளையதாய்ப் போன விருத்தாந்தம் கேட்கத் தகுந்தது.

ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்னும் ஊரில், மைக்ராஸ்கோப் செய்து புகழ்பெற்றிருந்த லைட்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், ஆஸ்துமாவினால் அவதியுற்றவராதலால், கண்ணாடித் தகடுகளும் முக்காலியும் கூடிய பெரிய காமிராவைத் தூக்கி மலையேற இயலாமல், சினிமா பிலிமை உபயோகிக்கும் கைக்கடக்கமான காமிரா ஒன்றை முதல் உலக யுத்தத்துக்குச் சற்று முன்பே செய்து வைத்திருந்தார். லைக்கா என்ற பெயரில் 1925-ஆம் வருஷம் லைப்சிக் சந்தையில் அது வெளிப்பட்டபோது, மாக்ஸ் பெரெக் கணக்கிட்டுக் கொடுத்த ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் அதன் முகத்திலேயே கழற்றவொண்ணாதபடி பொருத்தப்பட்டிருந்தது. 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள படத்தின் மூலைக்கு மூலை தூரம் ஏறக்குறைய 43. அதற்குச் சற்றே கூடுதலான ஐம்பது, காட்சியை அகட்டாமலும் நெருக்காமலும் காட்டியதால், இரண்டாவது லென்ஸ் என்ற எண்ணத்துக்கே அப்போது இடமிருக்கவில்லை.

இடம் பிறந்தது 1930-இல்தான். அவ்வருஷம் லென்ஸைத் திருகிக் கழற்றும் வசதியோடு லைக்கா வெளிவந்தது. ஆயினும் லென்ஸ் அமரும் முகப்புக்கும் பிலிமுக்கும் உள்ள இடைவெளி காமிராவுக்குக் காமிரா மயிரிழை வித்தியாசப்பட்டபடியால், கூடுதல் லென்ஸ் வேண்டுவோருக்கு அவரவர் காமிராவை வைத்தே தொழிற்சாலையில் அதைப் பொருத்திச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒருவர் லென்ஸ் மற்றொருவர் காமிராவுக்கு ஒவ்வாது. மறு வருஷம் அந்த இடைவெளியை 28.8 மில்லிமீட்டர் என்று ஸ்திரப்படுத்தி, அவ்வாறு செய்யப்பட்ட காமிராக்களின் முகப்பில் ஒரு சிறு சுழியத்தைச் செதுக்கினார்கள். காமிரா சரித்திரத்தில் அந்தச் சுழியத்துக்கு ஈடான எழுத்து வேறில்லை என்பது என் அபிப்ராயம். ஏனெனில் அது முதற்கொண்டே, எந்த லென்ஸையும் கடையில் வாங்கி எந்த உடலிலும் திருகலாம் என்ற சுதந்திரம் ஏற்பட்டது. அந்தச் சுதந்திரம் செய்தவனையே திருப்பித் தாக்கியதும் உண்டு: 1950-இல் ஜப்பானுக்கு வந்திருந்த லைஃப் பத்திரிகைப் படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், அவ்வூர் நிக்கோர் லென்ஸ்களின் தெளிவைக் கண்டு வியந்து, தம்முடைய லைக்காவிலேயே அவற்றைப் பூட்டிக் கொரிய யுத்தத்தைப் படமெடுக்க, ஜப்பானியக் கண்ணாடியின் கீர்த்தி உலகெங்கும் பரவிற்று.

அப்பால் எக்ஸாக்டா, நிக்கான் எஃப் என்று காமிராக்கள் எத்தனையோ மாறியும், பெட்டியைத் திறந்தால் ஐம்பதுதான் இருந்தது. 35-உம் 135-உம் பணமுள்ளவர் பின்னால் சேர்த்துக்கொள்ளும் ஆபரணங்கள். ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தம் ஆயுளின் பெரும்பகுதியை ஐம்பதைக் கொண்டே கழித்தார். 1959-இல் ஃபோக்ட்லண்டர் கம்பெனி 36 முதல் 82 வரை நீளும் ஜூம் லென்ஸை வெளியிட்டபோதுகூட, கனத்த அந்த வஸ்துவை ஒரு விசித்திரமாகவே கருதினார்கள். ஆனால் ஜூம் நாளடைவில் இளைத்து, மலிந்து, 1980-களில் ஐம்பதைப் பெட்டியிலிருந்தே வெளியேற்றத் தொடங்கிற்று. 2003-இல் கேனன் 300டி என்ற மலிவு விலை டிஜிட்டல் காமிரா 18-55 லென்ஸோடு வந்தபோது அந்த வெளியேற்றம் பூர்த்தியாயிற்று.

பெட்டி ஜூமின் பலவீனம் வெளிச்சத்தில் இருக்கிறது. அதை முழுக்க நீட்டினால் எஃப் 5.6-க்கு மேல் திறவாது, எஃப் 1.8 வரை திறக்கும் ஐம்பதோ அதைப் போல் சுமார் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். 1990 முதல் கால் நூற்றாண்டு விற்ற கேனனின் மலிவு ஐம்பதைக் கையிலெடுத்தால், காமிராவில் பூட்டும் வளையம்கூடப் பிளாஸ்டிக், எடை 130 கிராம். துவாரத்துக்கு ஐந்தே தகடுகளாதலால், சற்றுக் குறுக்கி எடுத்தால், பின்னால் மங்கித் தெரியும் விளக்குகள் வட்டமாயிராமல் ஐங்கோணமாய் விழும். ஆயினும் மாலை வேளையில் ஜன்னலோரம் அமர்ந்த பாட்டியின் முகம், பிளாஷ் இல்லாமலே, அதில் வந்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் சிபாரிசு செய்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆரம்பக்காரரின் காமிராவில் சென்ஸார் சிறியதாகையால், ஐம்பது அங்கே 75 அல்லது 80 போல நடந்துகொள்கிறது; பார்னாக்கின் ஐம்பது அதுவன்று. 1840-இல் வியன்னாவில் கணிதப் பேராசிரியர் பெட்ஸ்வால், பீரங்கிப் படையின் கணக்கர்களைத் துணைக்கொண்டு, மனித முகத்துக்கென்றே வகுத்த லென்ஸின் வம்சத்தைச் சேர்ந்ததாக அது மாறிவிடுகிறது. சிறிய வீட்டுக்குள் குடும்பத்தை நிறுத்திப் படமெடுக்கப் போனால் முதுகு சுவரில் இடிக்கும். பழைய ஐம்பதின் பார்வை வேண்டுவோர் 35 வாங்குவதே பொருத்தம். கடைக்குப் போகுமுன், கையிலுள்ள ஜூமின் வளையத்தை 35-இல் நிறுத்தி ஒரு வாரமும் 50-இல் நிறுத்தி ஒரு வாரமும், அசையாதபடி செல்லோ டேப் ஒட்டிப் படமெடுத்துப் பாருங்கள். எந்த வாரம் டேப்பைப் பிய்க்கக் கை துறுதுறுக்கவில்லையோ, அந்த லென்ஸை வாங்குங்கள்.