செயற்கைக் கன்னாபினாய்டுகளும் மூளையும்

கஞ்சாச் செடியின் போதைப்பொருளான டிஎச்சி மூளையில் எந்த ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறதோ, அதே ஏற்பிகளைப் பற்றிக்கொள்ளும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட வேதிப்பொருள்களுக்குச் செயற்கைக் கன்னாபினாய்டுகள் என்று பெயர். சந்தையில் இவை ‘ஸ்பைஸ்’, ‘கே2’ என்ற பெயர்களில் அறிமுகமாயின. துருக்கியில் ‘பொன்சாய்’ என்பார்கள். இவற்றை அசிட்டோன் போன்ற கரைப்பானில் கரைத்து, ஏதோ ஓர் உலர்ந்த இலைத்தூளின் மீது தெளித்து, ‘வாசனைத் தூபம், மனிதர் உட்கொள்ள அன்று’ என்று அச்சிட்ட பளபளப்பான உறைகளில் விற்றார்கள். தெளிப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிவதில்லை. ஒரே உறையின் ஒரு மூலையில் மருந்து குறைவாகவும் இன்னொரு மூலையில் ஆபத்தான அளவிலும் இருக்கும்.

இவற்றைச் ‘செயற்கைக் கஞ்சா’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பெயரே பலரை ஏமாற்றியிருக்கிறது. பெரும்பாலான செயற்கைக் கன்னாபினாய்டுகளுக்கும் டிஎச்சிக்கும் மூலக்கூறு அமைப்பில் ஒற்றுமை கிடையாது. இரண்டும் ஒரே ஏற்பியில் வேலை செய்கின்றன என்பதே உறவு. செய்யும் வேலையின் வலுவும் ஒன்றல்ல.

தோற்றம்

இவை போதைக்காகப் பிறந்தவை அல்ல. கஞ்சா மூளையில் எங்கே செயல்படுகிறது என்ற கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளில் பிறந்தவை. ஃபைசர் நிறுவனம் வலிநிவாரணி தேடிச் சில சேர்மங்களை உருவாக்கியது. அவற்றில் ஒன்றைக் கருவியாகக் கொண்டே 1988இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆலின் ஹௌலெட், வில்லியம் டெவேன் முதலியோர் மூளையில் கன்னாபினாய்டு ஏற்பி இருப்பதைக் காட்டினர். 1990இல் அந்த ஏற்பியின் மரபணு பிரித்தறியப்பட்டது. இன்று அது சிபி1 எனப்படுகிறது. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜான் ஹஃப்மன் இந்த ஏற்பியை ஆராய நூற்றுக்கணக்கான சேர்மங்களைத் தொகுத்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஜேடபிள்யூஎச்-018 அவற்றுள் ஒன்று.

2008 இறுதியில் ஜெர்மனியில் ‘ஸ்பைஸ்’ உறைகளைச் சோதித்தவர்கள் அவற்றுக்குள் கண்டது இந்த ஜேடபிள்யூஎச்-018ஐத்தான். ஆய்விதழ்களில் வெளியான செய்முறையை யாரோ கடைச்சரக்காக்கிவிட்டார்கள். அமெரிக்கா 2011 மார்ச்சில் ஐந்து சேர்மங்களை அவசரமாகத் தடை செய்தது. 2015இல் ஜேடபிள்யூஎச்-018 சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வொரு தடைக்கும் பதிலாக மூலக்கூற்றில் ஓர் அணுத்தொகுதியை மாற்றிய புதுச் சரக்கு வந்தது. 2008 முதல் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டவை மட்டும் 250க்கு மேல். சீனா 2021 ஜூலையில் ஒட்டுமொத்த வகையையே தடை செய்தது.

இந்தத் துரத்தல் சட்டத்தோடு நிற்கவில்லை. நெடுநாள் பாதிப்பைப் பற்றிய அறிவியலையும் அது குழப்பியது. ‘நான்கு ஆண்டுகள் ஸ்பைஸ் புகைத்தவர்’ என்றால், நான்கு ஆண்டுகளில் அவர் எத்தனை வெவ்வேறு சேர்மங்களைப் புகைத்தார் என்பதை அவராலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் சொல்ல முடியாது.

மூளையில் நடப்பது

மூளை தன் தேவைக்குத் தானே கன்னாபினாய்டுகளைச் சுரக்கிறது. ஆனந்தமைடு அவற்றில் ஒன்று. வழக்கமான நரம்புச் செய்தி ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செல்லும். இவையோ எதிர்த்திசையில் செல்கின்றன. செய்தியைப் பெற்ற நரம்பணு இவற்றைச் சுரந்து, அனுப்பிய நரம்பணுவின் முனையிலுள்ள சிபி1 ஏற்பியைத் தொட்டு, ‘போதும், குறைத்துக்கொள்’ என்று தெரிவிக்கிறது. அதனால் தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட்டும் அடக்கும் வேதிப்பொருளான காபாவும் அளவோடு வெளிவருகின்றன. வேலை முடிந்ததும் நொதிகள் இந்தச் சுரப்பைச் சிதைத்துவிடும். இந்த ஒழுங்கு எந்த நரம்பிணைப்பில் எப்போது தேவையோ அங்கே அப்போது மட்டும் நடப்பது.

புகையில் வரும் சேர்மம் இடமும் நேரமும் பார்ப்பதில்லை. சிபி1 ஏற்பிகள் நினைவுக்கான ஹிப்போகேம்பஸ், திட்டமிடலுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உரிய முன்மூளைப் புறணி, அச்ச உணர்வைக் கையாளும் அமிக்டலா, அசைவை ஒழுங்குசெய்யும் அடித்தள முடிச்சுகள், சிறுமூளை ஆகியவற்றில் செறிந்துள்ளன. அத்தனை இடங்களிலும் ஒரே நேரத்தில் ‘குறைத்துக்கொள்’ என்ற ஆணை விழுகிறது.

டிஎச்சியும் இதைத்தான் செய்கிறது. ஆனால் டிஎச்சி ஒரு பகுதித் தூண்டி. எவ்வளவு திருகினாலும் பாதிக்கு மேல் திறக்காத குழாய் என்று அதைச் சொல்லலாம். செயற்கைக் கன்னாபினாய்டுகளில் பெரும்பாலானவை முழுத் தூண்டிகள். ஏற்பி எந்த அளவுக்குச் செயல்பட முடியுமோ அந்த எல்லை வரை கொண்டுபோகின்றன. மேலும், ஜேடபிள்யூஎச்-018 உடலில் சிதைந்து உண்டாகும் சில பொருள்களும் அதே ஏற்பியைத் தூண்டுகின்றன. கஞ்சாவில் டிஎச்சியின் வேகத்தை ஓரளவு தணிப்பதாகக் கருதப்படும் கன்னாபிடியோல் இந்த உறைகளில் இல்லை. 2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே நாளில் 33 பேர் தெருவில் வெறித்த பார்வையுடன் அசைவற்று நின்றும் முனகியும் காணப்பட்டார்கள். அவர்கள் புகைத்த ஏஎம்பி-ஃபுபினாகா டிஎச்சியைவிட ஏறத்தாழ 85 மடங்கு வலுவானது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். செய்தித்தாள்கள் அவர்களை ‘நடைப்பிணங்கள்’ என்றன. நோயாளிகளுக்குத் தகாத சொல் அது.

தொடர்ந்து இப்படித் தூண்டப்படும் மூளை தற்காத்துக்கொள்ள முயல்கிறது. நரம்பணுக்கள் சிபி1 ஏற்பிகளின் கூர்மையை மழுங்கடித்து, அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. டிஎச்சியைவிட முழுத் தூண்டிகளே இந்த உள்ளிழுப்பை வேகமாக நிகழ்த்துகின்றன என்று செல் ஆய்வுகள் காட்டுகின்றன. நாள்தோறும் கஞ்சா புகைப்பவர்களின் மூளையைப் படமெடுத்து 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், புறணிப் பகுதிகளில் இந்த ஏற்பிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. சுமார் நான்கு வாரம் நிறுத்தியபின் பெருமளவு மீண்டன. கஞ்சாவுக்கே இந்த நிலை. ஏற்பி குறையக் குறையப் பழைய அளவு போதாமல் போகும். மூளையின் சொந்தச் சுரப்புக்கும் பதில் சொல்ல ஆளில்லாமல் போகும்.

நினைவும் கவனமும்

செயல்நினைவு, அதாவது ஒரு தகவலை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்யும் திறன், முதலில் அடிபடுகிறது. இஸ்ரேலில் செயற்கைக் கன்னாபினாய்டுப் பயனர்கள், கஞ்சாப் பயனர்கள், எதையும் பயன்படுத்தாதவர்கள் என மூன்று குழுக்களை ஒப்பிட்டபோது, முதல் குழுவினர் செயல்நினைவு, நெடுநினைவு, கவனக் கட்டுப்பாடு ஆகிய சோதனைகளில் மற்ற இரு குழுக்களையும்விடப் பின்தங்கினர். மனச்சோர்வும் பதற்றமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. துருக்கியிலும் இஸ்ரேலிலும் நடந்த படமெடுப்பு ஆய்வுகள், நெடுநாள் பயனர்களின் மூளையில் சில இடங்களில் சாம்பல்நிறப் பகுதி குறைந்திருப்பதைக் கூறின.

இவற்றைப் படிக்கையில் நிதானம் வேண்டும். பங்கேற்றவர்கள் சில பத்துப் பேரே. பலர் மதுவும் பிற போதைப்பொருள்களும் பயன்படுத்தியவர்கள். எல்லோரையும் ஒரே முறை சோதித்ததால், குறைபாடு பழக்கத்துக்கு முன்பே இருந்ததா பின்பு வந்ததா என்று அறுதியிட முடியாது. ‘மூளை சுருங்கிவிடும்’ என்ற தலைப்புச் செய்திகள் இந்த ஆய்வுகள் சொன்னதைவிட அதிகம் சொல்கின்றன.

வளரிளம் பருவத்தைப் பற்றிய சான்று இதைவிட உறுதியானது, ஆனால் அது எலிகளிடமிருந்து கிடைத்தது. பருவமடையும் காலத்தில் செயற்கைக் கன்னாபினாய்டு கொடுக்கப்பட்ட எலிகளுக்கு, மருந்தை நிறுத்தி வளர்ந்த பின்பும் நினைவுக் குறைபாடு நீடித்தது. வளர்ந்த எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது அப்படி நீடிக்கவில்லை. முன்மூளைப் புறணி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும் பகுதி என்பதை நினைத்தால், பதின்ம வயதினரைப் பற்றிய கவலைக்கு நியாயம் உண்டு.

மனப்பிறழ்வு

மருத்துவமனைகள் அடிக்கடி சந்திப்பவற்றில் மனப்பிறழ்வும் ஒன்று. இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாக நம்புவது, கடும் கொந்தளிப்பு. பெரும்பாலும் சில மணி நேரத்திலோ நாள்களிலோ தணியும். சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். மனச்சிதைவு நோய் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு முற்றுகிறது. முன் வரலாறே இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது. மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வுகளில், கஞ்சாப் பயனர்களைவிடச் செயற்கைக் கன்னாபினாய்டுப் பயனர்களிடம் அறிகுறிகள் கடுமையாக இருந்தன.

மறைமுகச் சேதங்கள்

வலிப்பும் பக்கவாதமும் பதிவாகியுள்ளன. 2018இல் இல்லினாய் மாநிலத்தில் விற்ற சரக்கில் புரோடிஃபேகம் என்ற எலிப்பாஷாணம் கலந்திருந்தது. இரத்தம் உறைவதை மாதக்கணக்கில் தடுக்கும் நஞ்சு அது. 150க்கு மேற்பட்டோர் இரத்தக்கசிவுடன் சிகிச்சைக்கு வந்தனர். சிலர் இறந்தனர்.

விடுபடுதல்

நாள்தோறும் பயன்படுத்தியவர் திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை, வியர்வை, குமட்டல், பசியின்மை, எரிச்சல், பதற்றம் ஆகியவை வரும். கஞ்சாவை நிறுத்துவதைவிட இது கடினம். சிலருக்கு வலிப்பும் வந்துள்ளதால், பழக்கம் கடுமையாக இருப்பவர் வீட்டில் தனியாக நிறுத்த முயலாமல் மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவதே சரி. இதற்கென்று தனி மாற்றுமருந்து கிடையாது. அறிகுறிக்கேற்ற சிகிச்சையும் தொடர்ந்த உளவியல் ஆதரவும்தான் வழி.

வழக்கமான சிறுநீர்ச் சோதனை டிஎச்சியின் சிதைவுப்பொருளைத் தேடுவதால் செயற்கைக் கன்னாபினாய்டுகள் அதில் தென்படுவதில்லை. சிறைகளிலும் படைமுகாம்களிலும் இவை பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே ஒருவர் திடீரென மனம் பிறழ்ந்தோ வலிப்பு வந்தோ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டால், சோதனையில் எதுவும் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. உடனிருப்பவர்கள் அவர் புகைத்தது என்ன என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உறை மிச்சமிருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.