கோபால்பூர்: கப்பல் நின்றுபோன கரை

கலிங்கம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தமிழர் நெஞ்சில் எழுவது செயங்கொண்டாரின் பரணியே. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின் மீது படையெடுத்த செய்தியைப் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிட்டோம். அதற்கும் முன்னர் இராசேந்திர சோழனின் படை அந்நாட்டில் பெற்ற வெற்றியைக் கூறும் கல்வெட்டு மகேந்திரகிரி மலையில் இருப்பதையும் விழா மேடைகளில் பெருமையுடன் சொல்லிக் கொள்கிறோம். ஆனால் அந்த மலையைத் தன்னகத்தே கொண்டிருந்த கஞ்சம் மாவட்டம், தஞ்சையையும் திருநெல்வேலியையும் போலவே, நம் பாட்டனார் காலம் வரையில் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வெற்றி நினைவிருக்கிறது. தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய உறவு மறந்துவிட்டது.

1766ஆம் ஆண்டு ஐதராபாத் நிசாமுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே வடசர்க்கார்ப் பகுதிகள் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தன. அவற்றுள் வடகோடியில் இருந்தது கஞ்சம். 1936 ஏப்ரல் 1ஆம் நாள் ஒரிசா தனி மாகாணமாக உருவாகும் வரை, அதாவது 170 ஆண்டுகள், அது சென்னைக் கோட்டையின் ஆட்சியிலேயே இருந்தது. நம் குடியரசுத் தலைவராக விளங்கிய வி. வி. கிரி 1894இல் பிறந்த பெர்ஹாம்பூர் அன்று சென்னை மாகாணத்து ஊர்தான். சென்னையிலிருந்து அத்துணைத் தொலைவில் கிடந்த மாவட்டத்துக்கு மாற்றல் உத்தரவு பெற்ற குமாஸ்தாக்களின் மனநிலை எவ்வாறு இருந்திருக்கும் என்பதை, அதே தொழிலில் உள்ள என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

அந்தப் பெர்ஹாம்பூரிலிருந்து, இன்றைய பெயரில் பிரம்மபூரிலிருந்து, ஏறத்தாழ பதினாறு கிலோமீட்டர் தொலைவில் கடலோரத்தில் அமைந்த சிற்றூரே கோபால்பூர். ஹவுராவிலிருந்து சென்னை செல்லும் மெயிலில் ஆண்டுதோறும் பயணம் செய்யும் நாம், பிரம்மபூர் நிலையத்தில் வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியே தேநீர் வாங்கிப் பருகுவதோடு சரி. விடுப்புப் பயணச் சலுகை கிடைத்தால் ஊருக்குப் போவோம். கடல் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால் பூரிக்குப் போவோம். பூரியில் தெய்வமும் உண்டு, கூட்டமும் உண்டு. கோபால்பூரில் கடல் மட்டுமே உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் குடும்பத்துடன் நான்கு நாள்கள் அங்கே தங்கும் வாய்ப்புக் கிட்டியது. அகன்ற மணற்பரப்பு, தாழைப் புதர்கள், சவுக்குத் தோப்புகள், உயர்ந்து நிற்கும் கலங்கரை விளக்கம், காலையில் கரையேறும் மீன் படகுகள், இவற்றுக்கு அப்பால் அலையோசை. நெய்தல் நிலத்தைப் பாடிய நம் புலவர்கள் தாழையை ஏன் அத்தனை முறை பாடினர் என்பது அங்கே போனால் விளங்கும். கஞ்சம் மாவட்டத்தில் தாழம்பூவிலிருந்து அத்தர் வடிப்பது இன்றும் பெருந்தொழில். கடலில் இறங்குவதற்கு மட்டும் துணை வேண்டும். அலை முரட்டு அலை, அடியிழுப்பும் உண்டு. நோலியர் எனப்படும் மீனவர்களே குளிப்பவர்களின் கையைப் பற்றி அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுகின்றனர். ஒரிய நாட்டுக் கரையில் வாழ்ந்தாலும் இவர்களுடைய வீட்டு மொழி தெலுங்கு.

ஓய்வு வேண்டுவோர்க்கு இதைவிட ஏற்ற இடம் கிழக்குக் கரையில் அரிது என்பேன். எனினும் இந்த அமைதி இயற்கை தந்தது அன்று. கரையோரத்தில் பழைய துறைமுக மேடையின் இடிந்த சுவர்களும் தூண்களும் நிற்கின்றன. பயணிகள் அவற்றின் முன்னே நின்று நிழற்படம் எடுத்துக் கொள்கின்றனர். இங்கே ஒரு துறைமுகம் இருந்தது, அது செத்தது. ஆரவாரம் அடங்கிய பிறகு எஞ்சிய அமைதியே நாம் காசு கொடுத்து அனுபவிக்கும் அமைதி.

இக்கடற்கரையின் பழமை பெரிது. கிரேக்க நூலாசிரியர் தாலமி, பொன்னாடு எனப்பட்ட கீழ்த்திசை நோக்கிச் செல்லும் கப்பல்கள் கரையை விட்டு விலகும் இடத்தை ஒட்டிப் பலூரா என்ற ஊரைக் குறிக்கிறார். அது கஞ்சத்துக்கு அருகிலுள்ள பாலூர் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. பௌத்த நூல்கள் கூறும் கலிங்கத்தின் தந்தபுரமும் இதுவே என்றும், பல் என்னும் திராவிடச் சொல்லும் ஊரும் சேர்ந்தே பலூரா ஆயிற்று என்றும் பிரெஞ்சுப் பேரறிஞர் சில்வன் லெவி எழுதினார். தமிழ்ச் செவிக்கு இது தேனாக இனிக்கிறது. ஆயினும் ஒரு சொல்லின் ஒலியை மட்டும் நம்பி ஓர் ஊரையே கட்டி எழுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கீழ்த்திசைக்குப் புறப்படும் இடமாக இக்கரை நெடுங்காலம் இருந்தது என்ற அளவில் நிற்போம்.

கம்பெனியார் காலத்தில் மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது ரிஷிகுல்யா ஆற்று முகத்துக்கு அருகில் இருந்த கஞ்சம் நகரம். 1815ஆம் ஆண்டு பரவிய கொடுங்காய்ச்சல் அந்நகரை அழித்தது. அதன் பின்னரே தெற்கிலுள்ள கோபால்பூர் வளர்ந்தது. இதனை துறைமுகம் என்று கூறினாலும் கப்பல் வந்து அணையும் கட்டுத்துறை என்று எண்ணிவிடக் கூடாது. திறந்த கடல், நீராவிக் கப்பல் கரைக்கு அப்பால் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆளையும் மூட்டையையும் கொண்டு செல்பவை மசூலாப் படகுகள். ஆணி அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை இவை. அலை தூக்கி மணலில் மோதினாலும் பலகை நெகிழ்ந்து கொடுக்குமே தவிரப் பிளவாது. சென்னைக் கடற்கரையிலும் துறைமுகம் கட்டப்படும் முன்னர் இப்படகுகளே பணியாற்றின.

நெல்லும் தோலும் எண்ணெய் வித்துக்களும் இவ்வழியே சென்றன. 1890களில் கிழக்குக் கரை இருப்புப் பாதை போடப்பட்டதும் சரக்கில் பெரும்பங்கு ரயிலுக்கு மாறிற்று. ஆனால் ரயில் போக முடியாத ஊர் ஒன்று இருந்தது. அது ரங்கூன்.

1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. ஐராவதி ஆற்றுச் சமவெளியில் காடு திருத்தி நெல் விளைவித்தனர். அறுக்கவும், ஆலையில் குத்தவும், மூட்டை சுமந்து கப்பலில் ஏற்றவும் ஆள் வேண்டியிருந்தது. கஞ்சத்திலோ ஆள் இருந்தது, சோறு இல்லை. 1866ஆம் ஆண்டு ஒரிசாப் பெரும்பஞ்சம் இம்மாவட்டத்தையும் விட்டு வைக்கவில்லை. மேஸ்திரி ஊர் ஊராகச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். அம்முன்பணம் பின்னர்க் கூலியில் பிடிக்கப்பட்டது. கோபால்பூர், கலிங்கப்பட்டினம், பீமுனிப்பட்டினம், விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்ற நீராவிக் கப்பல்களில் அறையின்றி, படுக்கையின்றி, திறந்த மேல்தளத்தில் நெருங்கி அமர்ந்து அவர்கள் வங்கக் கடலைக் கடந்தனர். பலர் இரண்டு மூன்று ஆண்டு உழைத்துவிட்டுத் திரும்பினர், மீண்டும் சென்றனர். காக்கிநாடாவுக்கு அருகிலுள்ள கொரங்கித் துறையின் பெயரால் தெலுங்குக் கூலிகள் அனைவரையும் கொரங்கி என்றே அங்கு அழைத்தனர். ஓர் ஊரின் பெயர் வசைச் சொல்லாகவே ஆகிவிட்டது.

கோபால்பூர்க் கரையில் வயது முதிர்ந்த நோலியர் ஒருவருடன் அரைகுறைத் தெலுங்கில் பேசிக் கொண்டிருந்தேன். தம் தாத்தா ரங்கம் போனவர் என்றார். உடன் வந்திருந்த என் தாயார் அதைத் திருவரங்கம் என்றே எண்ணிக் கைகூப்பினார். தெலுங்கில் ரங்கூனுக்கு ரங்கம் என்று பெயர். நான் விளக்கிய பின்னும் தாயார் கையை இறக்கவில்லை; அவருடைய பெரியப்பாவும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ரங்கூன் போய்த் திரும்பாதவர்.

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பர்மாவில் இருந்த இந்தியர் பத்து லட்சத்துக்கும் மேல்; ரங்கூன் நகரின் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. வட்டித் தொழில் செய்த செட்டிநாட்டாரும், வயலில் இறங்கிய தமிழ்க் கூலிகளும், துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்கரும் ஒரியரும், அலுவலகத்தில் எழுதிய வங்காளியரும் அதில் அடக்கம்.

இனி அதே கோபால்பூரின் இன்னொரு பக்கத்தைக் காண்போம். 1914ஆம் ஆண்டு இத்தாலியர் ஒருவர் இங்கே கடலைப் பார்த்தபடி ஒரு விடுதியைத் திறந்தார். கல்கத்தாவின் வெள்ளை அதிகாரிகளும் வணிகரும் குடும்பத்துடன் வந்து இளைப்பாறினர். கரையோரம் பங்களாக்கள் எழுந்தன. அவ்விடுதி பின்னாளில் ஓபராய் நிறுவனத்திடம் வந்து, இப்போது மேஃபேர் நிறுவனத்தின் கீழ் நடைபெறுகிறது. கடற்கரை உல்லாச விடுதிகளுள் இந்தியாவிலேயே முதன்மையானது என்று அதைப் பாராட்டி எழுதாத சுற்றுலாக் கையேடு இல்லை. அந்த விடுதியில் விருந்தினர் தேநீர் அருந்திய அதே ஆண்டுகளில், அதே மணலில், துணி மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டு மசூலாப் படகுக்குக் காத்திருந்தோரைப் பற்றி அக்கையேடுகள் ஒரு வரியும் எழுதுவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கலிங்க மாலுமிகளுக்கு அவற்றில் இடம் உண்டு. நேற்றுப் போன கூலிக்குத்தான் இடம் இல்லை. இது எனக்கு ஒப்பவில்லை.

முடிவு விரைந்து வந்தது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்டுத் தெலுங்குத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். முதலாளிகள் பர்மியரை வேலைக்கு வைத்து, நிறுத்தம் முடிந்ததும் அவர்களை வெளியேற்றினர். மூண்ட கலகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் இந்தியர். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூன் மீது ஜப்பானியரின் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சு 8ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. அடுத்த மாதமே வங்கக் கடலில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை ஜப்பானியர் மூழ்கடித்தனர். கடல் வழி அடைபட்டது. காசு கொடுத்துக் கப்பலில் போனவர்கள் கால்நடையாகத் திரும்பினர். அரக்கான் மலைகளைக் கடந்தும், தாமு வழியே மணிப்பூருக்கும் நடந்து வந்தோர் பல லட்சம். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் விழுந்தோர் பல்லாயிரவர். கோபால்பூரிலிருந்து ரங்கூனுக்குக் கப்பல் அதன் பின்னர்ப் புறப்படவில்லை.

எஞ்சியிருந்தோரும் 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் வெளியேற நேர்ந்தது. சென்னையில் பர்மா பஜார் தோன்றியது அவ்வாறுதான். மணிப்பூரின் எல்லையில் உள்ள மோரே என்னும் ஊரில் தமிழர் குடியேறி, கோயிலும் கட்டி வாழ்வதும் அதன் தொடர்ச்சியே. தமிழர்க்கு அந்தக் கதையைச் சொல்ல ஆள்களும் நூல்களும் ஓரளவேனும் உண்டு. கஞ்சத்துக் கூலிக்கு அதுவும் குறைவு.

கப்பல் நின்றதும் கோபால்பூரின் கிடங்குகளுக்கு வேலை இல்லை. உப்புக் காற்று பங்களாக்களின் சுவரை அரித்தது. சற்று வடக்கே 1987இல் தொடங்கப்பட்ட புதிய துறைமுகம் சரக்குக்கானது, பயணிகளுக்கு அன்று. 2013 அக்டோபர் 12ஆம் நாள் இரவு பைலின் புயல் கோபால்பூருக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. முன்கூட்டியே ஏறத்தாழ பத்து லட்சம் பேரை ஒரிசா அரசு பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றியிருந்தது. 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மடிந்த மாநிலத்தில் இம்முறை உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. அரசு அலுவலகங்கள் மீது குறை கூறுவோர் இந்த ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஓய்வுக்காகக் கோபால்பூர் செல்ல விரும்புவோர் ஐப்பசிக்குப் பின், புயற்காலம் கழிந்து, பங்குனிக்குள் செல்வது நலம். பனிக்காலத்தின் கடைப்பகுதியில் ரிஷிகுல்யா முகத்தில் ஆமைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிட வரும் ஆண்டுகளும் உண்டு. கரையோரம் நடப்பவர்கள் அந்த இடிந்த தூண்களின் அருகில் பிள்ளைகளைச் சற்று நிறுத்தி, இங்கிருந்து எங்கே கப்பல் போயிற்று என்று கூறலாம்.

கஞ்சத்து இளைஞர்கள் இன்றும் வேலை தேடிப் புறப்படுகின்றனர். திசைதான் மாறியிருக்கிறது. குஜராத்தின் சூரத் நகரில் விசைத்தறி ஓட்டும் ஒரியர் பல லட்சம். அவர்களுள் பெரும்பாலோர் கஞ்சம் மாவட்டத்தார். பன்னிரண்டு மணி நேர வேலை, ஒரே அறையில் முறை வைத்து உறக்கம். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது ஆலைகள் மூடப்பட, சிறப்பு ரயில்களிலும் பேருந்துகளிலும் அவர்கள் கஞ்சத்துக்குத் திரும்பினர். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அவர்களைத் தனித்து வைத்தனர். சில மாதங்கள் கழித்து, தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கியதும், முதலாளிகள் அனுப்பிய பேருந்துகளிலும் பிரம்மபூரில் நின்ற வண்டிகளிலும் ஏறிப் பலர் சூரத்துக்கே சென்றனர்.