'கறுப்பா இருந்தாலும்…'

ஜோகூரில் தம்போய் என்றால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பெர்மாய் மனநல மருத்துவமனைதான். மனசைப் பற்றிய பேச்சு அந்த மதிலுக்குள் நடக்கவேண்டியது என்ற நினைப்பு இங்கே இன்னும் போகவில்லை. ஆனால் ஒரு பதினாறு வயதுப் பெண் தன் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள நம் கல்யாண வீடுகளில் கேட்கும் ஒரு வாக்கியம் போதும்: 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.'

சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அந்த 'இருந்தாலும்' முதலில் ஒரு குறையை உறுதிசெய்துவிட்டு, பிறகு ஆறுதல் தருகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இல் இதை விளக்கக் கண்ணாடியை உவமை ஆக்கினார். அடுத்தவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம், அவர் நம்மை எப்படி எடைபோடுகிறார் என்று நாமே கற்பனை செய்கிறோம். அதிலிருந்து பெருமையோ வெட்கமோ வருகிறது. 'நான்' என்ற உணர்வு அப்படித்தான் உருவாகிறது என்றார்.

அப்படியானால் நம் பெண்களுக்கு நாம் காட்டும் கண்ணாடி எப்போது செய்தது?

சங்கப் பாடல்களில் இருப்பது வேறு கண்ணாடி. 'மாமை' என்பது மாந்தளிர் போல மின்னும் கருமை கலந்த நிறம். அது அழகின் பெயர். தலைவியை 'மாயோள்' என்றால் புகழ்ச்சி. அந்த நிறம் மங்கி வெளிறுவதற்குப் பெயர் பசலை. பிரிவினால் வரும் நோய். குறளில் அதற்கென்றே 119ஆம் அதிகாரம் இருக்கிறது. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 27இல், தன் மாமையைப் பசலை தின்னப் பார்க்கிறது என்று தலைவி வருந்துகிறாள். யாருக்கு நஷ்டம் என்று சொல்லும்போது தன்னைத்தான் முதலில் சொல்கிறாள், அப்புறம்தான் அவனை. அன்றைக்கு நோயாக இருந்த வெளுப்பை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. பொன்னிற மேனியைப் புகழும் சங்கப் பாடல்களும் உண்டு. ஆனால் கறுப்பைப் புகழ அன்று 'இருந்தாலும்' தேவைப்படவில்லை.

பிறகு வெயிலில் இறங்காதவர்களின் நிறமே உயர்ந்தது என்ற எண்ணம் சாதியோடு சேர்ந்து வளர்ந்தது. வெள்ளைக்கார ஆட்சி அதை இன்னும் பலப்படுத்தியது. ரப்பர் தோட்டத்தில் மேட்டில் துரை பங்களா, கீழே லயத்து வீடுகள். நிறத்துக்கும் அதிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் பாட்டிமாருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியிருக்கவில்லை.

இந்துஸ்தான் லீவர் 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யை இறக்கியபோது சந்தை தயாராகவே இருந்தது. கிரீம் புதிதாகக் கொண்டுவந்தது ஓர் அளவுகோலை: படிப்படியாக வெளுக்கும் முகங்களின் வரிசை. முகம் வெளுத்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைப்பார் என்று விளம்பரங்கள் கதை சொல்லின. சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2020இல் கிரீமின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர்தான் மாறியது, குழாய் இன்னும் கடையில் இருக்கிறது.

இது தமிழர் பிரச்சினை மட்டும்தானா? 2017 நோன்புப் பெருநாளுக்கு வாட்சன்ஸ் மலேசியா ஒரு காணொளி வெளியிட்டது. முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய பெண்ணைப் பார்த்துப் பணக்காரர் பயப்படுகிறார். அவள் முகம் கழுவி வெள்ளையானதும் எல்லாம் சுபம். சாபத்தால் கறுப்பாகப் பிறந்த இளவரசி டாயாங் செனாண்டோங்கின் கதை அது என்று நிறுவனம் முதலில் சமாளித்தது. எதிர்ப்பு வலுத்ததும் காணொளியை நீக்கி மன்னிப்புக் கேட்டது. கறுப்பு ஒரு சாபம், கழுவினால் போகும் என்ற எண்ணத்தை நீக்குவது அவ்வளவு சுலபமில்லை. பாதரசம் கலந்த வெளுப்புக் கிரீம்களைப் பற்றி நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தெரிந்தும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அந்த வெட்கம் எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள்.

நான் பொறியாளர். அளவுக்கருவி தப்பாகக் காட்டினால் பொருளைச் சுரண்டிச் சரிசெய்ய மாட்டோம். கருவியைத்தான் முதலில் சோதிப்போம். பெண்பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் தலைகீழாகச் செய்கிறோம். பிறகு 'அவளுக்குத் தன்னம்பிக்கை இல்லை' என்று அவளையே குறை சொல்கிறோம்.

அடுத்த கல்யாண வீட்டில் 'கறுப்பா, அழகா இருக்கா' என்று சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு சொல்தான் குறையும். கேட்கும் பெண்ணுக்கு அது சின்ன விஷயமாக இருக்காது.