நார்கொண்டம் தீவும் இருவாச்சியும்: ஒரு பயணத் திட்டத்தின் முன்வரலாறு

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1885ஆம் ஆண்டும் காங்கிரஸ் மகாசபையுமே. பாடநூல்கள் நமக்குத் தந்த ஹியூம் அவர். அதற்கு முந்தைய ஹியூமை இலக்கிய வாசகர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. அவர் பறவைகளுக்காகவே வாழ்ந்தவர். 1872இல் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்னும் பறவையியல் இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு மார்ச்சில் வங்காள விரிகுடாத் தீவுகளை நோக்கிக் கப்பலேறினார். அந்தமானுக்குப் பறவை நோக்கச் செல்ல விரும்பும் எவரும் அப்பயணத்தை அறிந்துகொள்வது நல்லது.

இன்று சுற்றுலாத் தலமாக நாம் காணும் அந்தமான் அன்று கைதிகளின் தீவு. 1858 முதல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் நடந்துவந்தது. 1872 பிப்ரவரியில் அதைப் பார்வையிடச் சென்ற வைசிராய் மேயோ பிரபு, ஷேர் அலி என்னும் கைதியால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அந்த மேயோவின் காலத்தில் 1871இல் உருவான வருவாய், வேளாண்மை, வணிகத் துறையின் செயலாளர்தான் ஹியூம். தம் புரவலர் மாண்ட கடற்பரப்புக்கு ஓராண்டு கழித்து அவர் சென்றார். உடன் சென்றோருள் நிலவியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவும் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வுட்-மேசனும் இருந்தனர்.

அப்பயணம் உலகுக்கு அறிமுகம் செய்த பறவைகளுள் ஒன்று நார்கொண்டம் இருவாச்சி. வட அந்தமானுக்குக் கிழக்கே தனித்து நிற்கும் எரிமலைத் தீவு நார்கொண்டம். பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். சிகரமோ 700 மீட்டருக்கும் மேல். ‘நரக குண்டம்’ என்பதன் திரிபே இப்பெயர் என்றொரு கருத்து உண்டு. ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. பெண்ணின் தலையும் கழுத்தும் கருமை. உலகில் வேறெங்கும் இப்பறவை இயற்கையில் வாழ்வதில்லை. அலகின்மேல் அமைந்த புடைப்பால் இரண்டு வாய் உடையதுபோல் தோன்றுவதால் இவ்வினத்துக்கு இருவாய்ச்சி என்று பெயர் வந்தது என்பர். அதுவே வழக்கில் இருவாச்சி ஆயிற்று.

அக்காலத்தில் பறவையை அறிவதென்றால் அதைச் சுடுவது, தோலை உரித்துப் பதப்படுத்துவது, அளவெடுப்பது, பெயரிடுவது என்று பொருள். பயண மூட்டையில் முதலில் இடம்பெற்றது துப்பாக்கி. இன்றைய கண்கொண்டு ஹியூமைக் கொலைகாரர் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. அவர் தந்த பெயர்களைக் கொண்டுதான் இன்றும் பல பறவைகளை அழைக்கிறோம். அவர் திரட்டிய மாதிரிகள் சுமார் 82,000. 1884-85 குளிர்காலத்தில் அவர் இல்லாத வேளையில், சிம்லா வீட்டிலிருந்த கையெழுத்துப் படிகள் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் விற்கப்பட்டன. மனமுடைந்த அவர் தம் சேகரிப்பு முழுவதையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் கூடியது.

இங்கே பயணத் திட்டமிடுவோர் கருத வேண்டியது ஒன்றுண்டு. தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் கடல் அடங்கியிருக்கும் மாதங்களே சிறு தீவுகளில் இறங்க ஏற்றவை. ஹியூம் புறப்பட்டதும் அம்மாதங்களில்தான். ஏறத்தாழ பிப்ரவரி முதல் மே வரையிலான அக்காலமே நார்கொண்டம் இருவாச்சியின் இனப்பெருக்கக் காலமும் ஆகும். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். அப்பிளவின் வழியே ஆண் கொண்டுவந்து ஊட்டும் கனிகளே அதற்கும் குஞ்சுக்கும் உணவு. ஆண் வராவிட்டால் உள்ளே இருப்பவை பட்டினி. நமக்கு வசதியான மாதமே அதற்கு மிக நெருக்கடியான மாதம்.

துப்பாக்கி போனபின்னும் மனிதர் வருகை தீங்கின்றி அமைந்துவிடவில்லை. 1969இல் நார்கொண்டத்தில் காவல் நிலையம் ஒன்று அமைந்தது. 1970களில் அங்கிருந்தோர் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகள் காட்டில் பெருகின. இளங்கன்றுகளை அவை மேய்ந்துவிட்டால் நாளை கனி தரும் மரம் ஏது? 1990களின் இறுதியில் பறவையியலாளர் ரவி சங்கரன் இச்சிக்கலை ஆராய்ந்து, ஆடுகளை அகற்ற வேண்டும் என்று வலியுறுத்தினார். பின்னர் அவை அகற்றப்பட்டன. கடலோரக் காவல்படையின் ராடார் திட்டத்தை 2012இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. 2014இல் அதற்கு அனுமதி கிடைத்தது. 2019-20இல் ஆய்வாளர்கள் எடுத்த கணக்கு இருவாச்சிகளின் தொகை ஏறத்தாழ 1,000 என்றது. நம்பிக்கை தரும் எண்தான். எனினும் ஒரு புயலோ நோயோ தாக்கினால் அடைக்கலம் புக அவற்றுக்கு வேறொரு தீவு இல்லை.

ஆகவே அந்தமான் செல்லும் அன்பர்களுக்கு நாம் பரிந்துரைப்பது எளிய திட்டம். 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் எனப்படும் போர்ட் பிளேரில் தங்கலாம். அங்கிருந்து சாலை வழியாகவே சிடியா டாப்பு செல்லலாம். அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் செம்போத்து, அந்தமான் வால்காக்கை, அந்தமான் பாம்புக்கழுகு எனத் தீவுக்கே உரிய பறவைகள் பலவற்றைத் தென் அந்தமானிலேயே தேடலாம். விடியலுக்கு முன் கிளம்ப வேண்டும். இருநோக்கி ஒன்று போதும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வழக்கத்தைத் தவிர்க்க வேண்டும்.

நார்கொண்டத்துக்குப் பொதுப் பயணக் கப்பல் இல்லை. சரணாலயம் என்பதால் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். முயன்றால் போக முடியலாம். ஆனால் கணக்கெடுக்கவோ காக்கவோ செல்பவர் அல்லாத நாம், பார்த்த பறவைகளின் பட்டியலில் ஒரு பெயர் கூட்டுவதற்காக அங்கே இறங்க வேண்டுமா? வேண்டாம் என்பதே நம் கருத்து. இருவாச்சியைக் காணும் ஆவல் மிகுந்தோர் மார்ச் மாதத்தில் வால்பாறைப் பக்கம் போகலாம். அங்கே மலபார் இருவாச்சிகளும் பெரிய இருவாச்சிகளும் உண்டு; அங்கும் பொந்திலிருந்து விலகியே நிற்க வேண்டும்.