மெட்ராஸ் என்றொரு துணி

ஆங்கில அகராதிகளில் ‘மெட்ராஸ்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பெரிய எழுத்தில் தொடங்கின் ஊர்ப்பெயர். சிறிய எழுத்தில் தொடங்கின் கட்டமிட்ட மெல்லிய பருத்தித் துணி. ஊரின் பெயர் 1996இல் சென்னை என மாற்றப்பட்டது. துணியின் பெயர் மாறவில்லை. பிரெஞ்சு மொழியிலோ அச்சொல் தலையில் கட்டும் உருமாலையும் குறிக்கும். மார்த்தினிக், குவாதலூப் தீவுப் பெண்களின் மரபுடையில் அது இன்றும் உண்டு.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் இக்கடற்கரையில் இடம் பெற்றது துணியை நாடியே. நெசவாளர்க்கென 1730களில் சிந்தாதிரிப்பேட்டை எழுந்தது. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். கப்பலேறிய இந்தியப் பருத்தித் துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வணிகத்தின் மாற்றுப் பொருளாகவும் பயன்பட்டன என்பது இவ்வரலாற்றின் கறை.

அங்கே துணி புதிய பெயர்கள் பூண்டது. நைஜீரியாவின் இக்போ மக்கள் அதனை ‘ஜார்ஜ்’ என்றனர். புனித ஜார்ஜ் கோட்டையின் பெயரே அவ்வாறு சென்று சேர்ந்தது என்பது பலரும் கூறும் விளக்கம். நைஜர் ஆற்றுக் கழிமுகத்துக் கலபாரி மக்களுக்கு அது ‘இஞ்சிரி’. அவர்கள் வாங்கிய துணியை அப்படியே உடுத்திவிடுவதில்லை. நெய்த நூல்களில் சிலவற்றைக் கத்தியால் அறுத்து உருவி, கட்டங்களுக்குள் தமக்கேயுரிய கோலங்களை உண்டாக்குவர். நெய்தவன் ஒருவன், நூலைப் பிரித்து மீண்டும் ஆக்கியவள் மற்றொருத்தி!

இத்துணியை ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்னும் வணிகப் பெயரில் நெய்தனுப்பிய ஊர்களுள் பல்லாவரத்தை அடுத்து அடையாற்றங்கரையில் அமைந்த அனகாபுத்தூரும் ஒன்று. கைக்குட்டை என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டா; இடுப்பில் சுற்றி உடுத்தும் துணி அது. 1960களில் அமெரிக்கரோ சாயம் கசியும் மெட்ராஸையே விரும்பி வாங்கினர். சலவைக்குச் சலவை நிறம் கலந்து மாறுவது அங்கே நாகரிகமாயிற்று. குறையே விளம்பரமான விந்தை அது.

துறைமுகமும் கோட்டையும் சொல்லாயின. தறி இருந்த ஊர் சொல்லாகவில்லை. 1970களில் நைஜீரியா துணி இறக்குமதிக்குத் தடை விதித்தபோது அனகாபுத்தூர்த் தறிகளே அடிபட்டன. நெசவாளர் பலர் வேறு தொழில் தேடினர். எஞ்சியோருள் சிலர் பின்னாளில் வாழைநார் போன்ற இயற்கை இழைகளைப் பருத்தியோடு சேர்த்துப் புடவை நெய்யத் தொடங்கினர்.

கலபாரிக் குடும்பங்களோ பழைய இஞ்சிரித் துணிகளைப் பெட்டியில் இட்டுத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றன. வீட்டில் முதியோர் இறந்தால், அவற்றை எடுத்து மடித்து இறுதிச் சடங்குக் கட்டிலை அணி செய்வர்.