காலப்பயணியும் மேரி ஷெல்லியும்: ஒலிநாடகத்தில் படைப்புரிமை குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் பிக் ஃபினிஷ் நிறுவனம் வெளியிட்ட ‘டாக்டர் ஹூ’ ஒலிநாடகங்களில் எழுத்தாளர் மேரி ஷெல்லி காலப்பயணியின் துணையாக இடம்பெறுகிறார். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ புதினத்தின் தோற்றத்தை இந்நாடகங்கள் விளக்கும் முறை, அவரது படைப்புரிமை பற்றிய பழைய ஐயத்தோடு கொண்டுள்ள உறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒலிநாடகம், அறிவியல் புனைவு, மேரி ஷெல்லி, படைப்புரிமை

முன்னுரை

1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கோடையற்ற ஆண்டாயிற்று. ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் தங்கியிருந்த வில்லா டியோடாட்டியில், மழையால் முடங்கிய நண்பர்கள் பேய்க்கதை எழுத முனைந்தனர். அப்போது மேரிக்கு வயது 18. இந்நிகழ்வே 2009இல் வெளியான ‘மேரிஸ் ஸ்டோரி’ ஒலிநாடகத்தின் களம்.

ஐயத்தின் வரலாறு

1818 சனவரியில் புதினம் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. முன்னுரையை எழுதியவர் பெர்சி ஷெல்லி. மதிப்புரை எழுதிய வால்டர் ஸ்காட், நூலாசிரியரும் அவரே எனக் கருதினார். 1823ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் மேரியின் பெயர் இடம்பெற்றது. இளம்பெண்ணொருத்திக்கு இத்தகைய கரு எவ்வாறு தோன்றியது என்னும் வினாவுக்கு விடையாகவே அவர் 1831 பதிப்பின் முன்னுரையை எழுதினார். நிகழ்ச்சிகளுள் எதையும் தம் கணவரிடமிருந்து பெறவில்லை என்றும் அதில் குறிப்பிட்டார்.

நாடகம் தரும் விடை

ஜொனாதன் மோரிஸ் எழுதிய ‘மேரிஸ் ஸ்டோரி’யில், படுகாயமுற்று வந்துசேரும் காலப்பயணியே புதினத்தின் மூலமாகிறார். கற்பனையின் இடத்தை இங்கு நேர்க்காட்சி பிடித்துக்கொள்கிறது. 2020 பிப்ரவரியில் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் பகுதியும் அதே மாளிகைக்கு ஒரு சைபர்மனை அனுப்புகிறது. பெர்சிக்குப் பதிலாக வேற்றுலகினர். ஐயத்தின் அமைப்பு மட்டும் மாறவில்லை.

எதிர்நிலை

2011இல் வெளியான மார்க் பிளாட்டின் ‘தி சில்வர் டர்க்’ இதினின்றும் வேறுபடுகிறது. அது மேரியை 1873ஆம் ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்கிறது. வரலாற்றின்படி மேரி 1851இலேயே இறந்துவிட்டார். தாம் இன்னும் எழுதி முடிக்காத நூல் 55 ஆண்டுகள் பழமையடைந்துவிட்ட உலகில் இங்கு அவர் நிற்கிறார். கெம்பலன் 1770இல் அரங்கேற்றிய சதுரங்கத் துருக்கியன் பொம்மையை நினைவூட்டும் எந்திரமாகச் சைபர்மன் காட்சிப்படுத்தப்படுகிறான். துருக்கியன் பொம்மைக்குள் மறைந்திருந்தவன் மனிதன். சைபர்மனுக்குள் எஞ்சியிருப்பதும் மனித உடலே. உறுப்பு மாற்றத்தின் எல்லை குறித்த அச்சத்திலிருந்து மருத்துவ ஆய்வாளர் கிட் பெட்லர் 1966இல் உருவாக்கிய பாத்திரம் அது. ஆகவே மேரி இங்குத் தம் கருவின் மூலத்தையல்ல, அதன் பிற்கால விளைவைச் சந்திக்கிறார்.

ஒலியின் பங்கு

புதினத்தில் உருவத்தைக் காண்போர் அனைவரும் வெருள, பார்வையற்ற முதியவர் டி லேசி மட்டுமே அதன் குரலுக்கு அமைதியாகச் செவிசாய்க்கிறார். ஒலிநாடகம் கேட்போரை அம்முதியவரின் இடத்தில் அமர்த்துகிறது. தோற்றத்தால் புறக்கணிக்கப்பட்ட உயிரைக் குரலால் அறியும் இவ்வாய்ப்பைத் திரைப்படம் எளிதில் தர இயலாது.

முடிவுரை

காலப்பயணக் கதை எழுத்தாளரைப் போற்றுவது போலத் தோன்றினும், படைப்பின் காரணத்தை வெளியே தேடும்போது அவரது உரிமையைக் குறைக்கிறது. அவரது சிந்தனை எதிர்காலத்தில் அடைந்த விளைவைக் காட்டும்போது அவ்வுரிமையை மீட்டளிக்கிறது. 1831இல் மேரி விடையளித்த வினா இன்றும் தொடர்வதை இவ்விரு நாடகங்களின் ஒப்பீடு உணர்த்துகிறது.