முறத்திற்கு ஒரு நாள்

1793ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மாதா கோயில் மணிகள் முழங்குகின்றன, மெழுகுவத்திகள் எரிகின்றன, தேவகுமாரன் பிறந்தான் என்று பாடிப் பரவுகின்றனர். பிரெஞ்சு நாட்டு அரசின் நாட்காட்டியிலோ, அந்த நாளுக்கு நேரே ஒரே ஒரு சிறு சொல் காணப்பட்டது. அந்தச் சொல், 'நாய்'!

கேலி என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! பனிக்கால இரவில் பட்டி வாயிலில் படுத்துக் கிடந்து, ஆட்டையும் மாட்டையும் காக்கும் அந்த வாயில்லா உயிருக்கு ஆண்டில் ஒரு நாளை உரிமையாக்கினர் அந்நாட்டார். நாய்க்கு மட்டுமா? பன்றிக்கு ஒரு நாள். கலப்பைக்கு ஒரு நாள். எருக்குவியலுக்கு ஒரு நாள். ஆம், முறத்திற்கும் ஒரு நாள்!

பள்ளியில் பிரெஞ்சுப் புரட்சியைக் கற்பிக்கிறோம். பாஸ்டில் சிறை தகர்ந்தது, பதினாறாம் லூயியின் தலை உருண்டது என்று கரும்பலகையில் ஆண்டுகளை அடுக்குகிறோம். ஒருநாள் கடைசிப் பலகையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். உழவர் வீட்டுப் பிள்ளை. "அவ்வளவு பேரும் சண்டைக்குப் போய்விட்டால், வயல் வேலையை யார் ஐயா பார்த்தது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பாடநூலைப் புரட்டினோம், விடை இல்லை. விடை, முறத்திற்கு நாள் தந்த அந்த நாட்காட்டியில் இருந்தது.

1792 செப்டம்பர் 21இல் முடியாட்சியை ஒழித்தது பிரெஞ்சு மக்கள் மன்றம். அதற்கு மறுநாளையே புதிய காலத்தின் முதல் நாளாகக் கொண்டு, 1793 அக்டோபரில் புதிய நாட்காட்டிக்கு ஒப்புதல் தந்தது. கணக்கு வகுத்த குழுவின் தலைவர் கில்பேர் ரோம். திங்களுக்கும் நாளுக்கும் பெயர் சூட்டியவர் ஃபாபர் தெக்லாந்தீன் என்ற கவிஞர். செடி கொடிகளைத் தேர்ந்தெடுக்கத் துணை நின்றவர் ஆந்திரே தூவென் என்ற தோட்டக்கலை வல்லுநர். 30 நாள் கொண்ட 12 திங்கள்; எஞ்சிய ஐந்தாறு நாள் விழா நாள். கிழமை ஏழு என்பது போய்ப் பத்து ஆயிற்று. புனிதர்களின் பெயர் தாங்கி நின்ற நாள்களுக்கெல்லாம் புதுப் பெயர்! 5, 15, 25ஆம் நாள்கள் விலங்கு, பறவைகளுக்கு. 10, 20, 30ஆம் நாள்கள் உழைப்போன் கருவிகளுக்கு. மற்றவை மண் தரும் பொருள்களுக்கு. எல்லாப் புனிதர்க்கும் உரிய நவம்பர் 1, ஏழை சமைத்துத் தின்னும் ஒரு கிழங்கின் நாளாயிற்று!

கூதிரையும் முன்பனியையும் ஐப்பசி முதல் தை வரை நாம் வகுத்ததுபோல, அங்கும் இலையுதிர் காலம் முதிர்ந்து குளிர் காலம் பிறக்கும் நாள்களை மூன்று திங்களாக வகுத்தனர். புரூமேர், மூடுபனித் திங்கள். ஃபிரிமேர், உறைபனித் திங்கள். நிவோஸ், வெண்பனித் திங்கள். அக்டோபர் 22 அளவில் தொடங்கி ஜனவரி 19 அளவில் முடியும் தொண்ணூறு நாள். அந்தத் தொண்ணூறு நாளில் ஒன்பது கருவிகள். அவற்றை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: கலப்பை, பல் வைத்த பரம்பு, உருளை, குந்தாலி, மண்வெட்டி, மண்வாரி, கதிரடிக்கும் கோல், முறம், சல்லடை. சிற்றூரின் மூன்று திங்கள் வேலை முழுவதும் இந்த ஒன்பது சொற்களில் அடங்கிவிடுகிறது!

முதலில் கலப்பை. அங்கே கோதுமையும் ரை என்ற தானியமும் பனிக்கு முன்னே விதைக்கப்படும். அக்டோபரில் உழுது விதைத்து, பரம்படித்து விதையை மூடி, உருளை ஓட்டி மண்ணை அழுத்திவிட வேண்டும். உறைபனி முந்திக்கொண்டால் நிலம் கல்லாகும், கலப்பை இறங்காது. ஆகவே மூடுபனித் திங்கள் முழுவதும் ஓட்டம்! இதற்கிடையே நவம்பர் 11, புனித மார்த்தீன் நாள் வந்து நிற்கும். பல வட்டாரங்களில் குத்தகைக் கணக்குத் தீர்க்கும் நாள் அது. விதைத்த கையின் ஈரம் காயுமுன் நிலக்கிழாருக்கு அளந்து கொடுக்க வேண்டும்.

அடுத்து, பன்றி. நவம்பரில் காட்டுக்குள் பன்றிகளை ஓட்டிச் சென்று, கருவாலி மரத்தை அடித்துக் கொட்டை உதிர்த்துக் கொழுக்க வைப்பர். காடு யாருக்கு உரியது? பிரபுவுக்கு! பன்றி மேய்ப்பதற்கும் கட்டணம் உண்டு. பெரி நாட்டுப் பிரபுவுக்காகப் பதினைந்தாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட செபநூல் ஒன்று இன்றும் ஷாந்தியி நகரத்தில் இருக்கிறது. அதில் நவம்பருக்குரிய ஓவியத்தில், பன்றி மேய்ப்பவன் ஒருவன் மரத்தை நோக்கிக் கோலை வீசி நிற்கிறான். ஆமியேன் நகரத்து மாதா கோயிலின் முகப்பில், டிசம்பருக்கு அடையாளமாகப் பன்றி அடிப்பவனைச் செதுக்கி வைத்திருக்கின்றனர். பிரபுவின் செபத்திற்கும் பாதிரியின் கோயிலுக்கும் உழைப்பாளி அழகு சேர்த்தான். ஓவியத்தில் அவனுக்கு இடம் தந்தவர்கள், வாழ்வில் என்ன தந்தனர்?

உப்பைக் கேளுங்கள், சொல்லும்! குளிர் வந்த பிறகுதான் பன்றியை அடிப்பர். இறைச்சி கெடாது என்பதால். குருதியும் குடலும் உடனே உணவாகும். மற்றதை உப்பிட்டுச் சாடியில் அடைத்தும், அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டும் அடுத்த வேனில் வரை வைத்துக்கொள்வர். குடும்பத்தின் ஆண்டுக் கொழுப்பு அந்தச் சாடியில்தான். உப்பு இல்லையேல் சாடி இல்லை. அந்த உப்பின் மீது அரசன் வரி போட்டான். 'கபேல்' என்பது அவ்வரியின் பெயர். பாரிசைச் சூழ்ந்த மாநிலங்களில், எட்டு வயது கடந்த ஒவ்வொரு தலைக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 பவுண்டு உப்பை அரசுக் கிடங்கில் வாங்கியே தீர வேண்டும் என்றது 1680ஆம் ஆண்டுச் சட்டம். அதிலும் ஒரு கொடுமை பாருங்கள்: அப்படி வாங்கிய உப்பைச் சோற்றுப் பானையிலும் உணவு மேடையிலும் மட்டுமே பயன்படுத்தலாம், பன்றி இறைச்சிக்கு இடக் கூடாது! அதற்குத் தனியே வாங்க வேண்டும். தப்பினால் தண்டம்.

பக்கத்து மாநிலமான பிரித்தானியில் இந்த வரி இல்லை. எல்லைக்கு அப்பால் அதே உப்பின் விலையில் இருபது மடங்கு வேறுபாடு. ஆகவே ஏழைகள் இரவோடிரவாக உப்புக் கடத்தினர். நாய்களைப் பழக்கி, அவற்றின் உடலில் உப்பைக் கட்டி எல்லை தாண்ட அனுப்பினர். அகப்பட்ட மனிதர், கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாயினர். நாய்க்கு ஒரு நாள் தந்ததில் வியப்பு உண்டா, தோழர்களே? புனிதர் எவரும் ஏழையின் சாடிக்கு உப்புச் சுமந்து வந்ததில்லை!

ஃபிரிமேர் பிறந்ததும் குந்தாலியும் மண்வெட்டியும் கைக்கு வரும். வாய்க்கால் வெட்டுதல், வேலி திருத்துதல், வேரோடு கட்டையைப் பெயர்த்து விறகாக்குதல். டிசம்பர் முடிவில் வெண்பனி மூடிவிடும். அப்போதுதான் கதிரடிப்பு. நாம் தையில் அறுத்த கையோடு வெயிலில் களத்திலேயே போரடித்து விடுகிறோம். வடபிரெஞ்சு நாட்டில் அந்த வெயில் இல்லை, அறுவடைக்கு அடுத்து விதைப்பு வந்துவிடும், ஆள் கிடையாது. எனவே கதிர்க்கட்டைக் கொட்டகையில் அடுக்கி வைத்து, குளிர்காலம் முழுவதும் சிறிது சிறிதாக அடிப்பர். இரண்டு கழிகளைத் தோல்வாரால் பிணைத்த கோல். எதிரெதிரே நின்று தாளம் தவறாமல் மாறி மாறி அடிக்கும் ஆள்கள். தொண்டையை அடைக்கும் தூசு. நிலமற்ற கூலியாளுக்குக் குளிர்கால வாழ்வே அந்தக் கோல்தான். அடித்ததை முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்தால் மணி. அந்த மணியில் கோயிலுக்குரிய பங்கு, கதிர் வயலில் கிடக்கும்போதே போயிருக்கும்!

இரவில்? விளக்கெண்ணெய்க்கும் விறகுக்கும் வழியில்லாத வீடுகள். ஆகவே பல குடும்பங்கள் ஒரு மாட்டுக் கொட்டிலில் கூடும். மாடுகளின் மூச்சே கணப்பு, ஒரே விளக்கு. பெண்கள் சணல் நூற்பர்; அக்ரோட்டுக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்து எண்ணெய்க்குச் சேர்ப்பர்; கதையும் பாட்டும் நடக்கும். ஆணும் பெண்ணும் ஓரிடத்தில் கூடுவதா என்று சினந்து, இக்கூட்டங்களுக்குத் தடை விதித்த பிஷப்புகள் உண்டு! குளிருக்கு ஒதுங்கிய ஏழையின் மீதும் பாவம் சுமத்தப்பட்டது.

இத்தனைக்கும் நடுவே 1788 முடிவில் கொடிய குளிர் இறங்கிற்று. அவ்வாண்டு ஜூலை 13இல் பெய்த ஆலங்கட்டி மழை பயிரை முன்பே பாழாக்கியிருந்தது. இப்போது ஆறுகள் உறைந்தன, நீராலைகள் நின்றன, இருந்த தானியத்தையும் மாவாக்க வழியில்லை. 1789 பிப்ரவரியில் பாரிசில் 4 பவுண்டு ரொட்டியின் விலை 14½ சூ ஆயிற்று. நாளுக்கு 20 முதல் 30 சூ வாங்கும் கூலியாள் எதைத் தின்பான்? வேனிலில் வெடித்த புரட்சிக்குப் பனிக்காலமே திரி திரித்தது என்று சொல்லலாம். 1789 ஆகஸ்டில் கோயில் பங்கை ஒழிப்பதாக அறிவித்தனர். 1790இல் உப்பு வரி ஒழிந்தது.

பிறகு வந்ததுதான் நாட்காட்டி. மன்னனையும் மகானையும் கணக்கெடுத்த காலம், மண்வெட்டியைக் கணக்கெடுத்தது. 'நம் நாட்டில் ஆயுத பூசை இல்லையா?' என்பீர்கள். கருவிக்குப் பொட்டிட்டுக் கும்பிடுகிறோம். மறுநாள் அதைப் பிடித்தவனைத் தள்ளி நிற்கச் சொல்கிறோம். அங்கே கும்பிடவில்லை, மதித்தனர்.

ஆனால் அந்த நாட்காட்டி நிலைத்ததா? இல்லை. ஏன் இல்லை என்பதை மறைத்துவிட்டுப் புகழ்மாலை மட்டும் சூட்டுவது பகுத்தறிவாகாது. ஏழு நாளுக்கு ஒருமுறை இருந்த ஓய்வு, பத்து நாளுக்கு ஒருமுறை ஆயிற்று. ஆண்டுக்கு 52 ஞாயிறு போய் 36 ஓய்வு நாள்! கோயில் விழாக்களும் போயின. கோலுக்கு நாள் தந்தவர்கள், கோல் பிடித்துக் காய்த்த கைக்கு இருந்த ஓய்வைக் குறைத்துவிட்டனர். உழவன் ஞாயிறன்றே ஓய்ந்தான். 1798இல் சட்டம் போட்டு வற்புறுத்தினர், வெறுப்புத்தான் வளர்ந்தது. மேலும், மனித குலத்திற்கே பொது என்று முழங்கிய நாட்காட்டியில் பாரிசின் பனியே பேசிற்று. 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டனர். 1816இல்தான் திரும்பத் தந்தனர். இல்லையேல் நம் மார்கழி வெயிலிலும் 'வெண்பனித் திங்கள்' என்று எழுதியிருப்பர்!

பெயர் சூட்டிய கவிஞர் 1794 ஏப்ரலில் கில்லட்டினுக்கு இரையானார். கணக்கு வகுத்த ரோம், 1795இல் மரண தண்டனை பெற்றுத் தம்மைத் தாமே குத்திக்கொண்டு மாண்டார். 1806 ஜனவரி 1 முதல் நாட்காட்டியை நீக்கினான் நெப்போலியன். புனிதர்கள் திரும்பி வந்தனர். அதே 1806இல் வேறொன்றும் திரும்பி வந்தது: உப்பின் மீது வரி!

திரும்பி வராதது எது? கோயில் பங்கு. பிரபுவின் உரிமை. நிலவுடைமையாளர் கோயில் பங்கைக் குத்தகையில் ஏற்றிக்கொள்ள இடம் தரப்பட்டதால், குத்தகைக்காரனுக்கு அப்பயன் முழுதும் கிட்டவில்லை என்பது உண்மை. ஆயினும், சொந்த நிலத்தில் விதைத்தவன் குதிரில் மிஞ்சிய மணியை எந்தப் பேரரசனாலும் மீண்டும் கோயிலுக்கு அள்ளிக் கொடுக்க முடியவில்லை. தாளில் எழுதிய பெயரை ஓர் ஆணை அழித்தது. குதிருக்குள் சென்ற சீர்திருத்தத்தை எந்த ஆணையும் அழிக்கவில்லை.

அந்தச் சிறுவனுக்கு இதைத்தான் சொன்னோம். "புரட்சி நடந்தபோதும் வயல் வேலையை உழவனே பார்த்தான், தம்பி. மூடுபனியில் உழுதான், உறைபனியில் வெட்டினான், வெண்பனியில் கதிரடித்தான். அவன் நிறுத்தியிருந்தால் புரட்சிக்காரருக்கே சோறு இல்லை."

தோழர்களே, பெயர் மாற்றத்தை நாம் இகழவில்லை. முறத்தின் பெயர் நாட்காட்டியில் ஏறியது பெரிய செய்திதான். நம் பஞ்சாங்கத்தில் இராகு காலம் உண்டு, எமகண்டம் உண்டு. முறத்திற்கு ஒரு வரி உண்டா? எழுதத்தான் வேண்டும். எழுதுமுன் அந்த முறத்தைப் பிடிப்பவளின் வீட்டுக்குச் சென்று, சாடியில் உப்பு இருக்கிறதா, கைக்கு ஓய்வு இருக்கிறதா என்று கேட்டு வருவோம். அவள் ஒப்புக்கொண்ட சீர்திருத்தத்தை எந்த நெப்போலியனாலும் அழிக்க முடியாது.